பத்துக் கண்ணாடி, கடைசி விலை

பழக்காரம்மா: …அதனால ஐயா, நீங்க பெரிய மனசு பண்ணி ஒரு பத்துக் கண்ணாடிக்குப் பணம் குடுத்தா… சரி, எட்டு.

பூட்டுக்காரர்: நான் இன்னும் வாயே திறக்கலையேம்மா.

பழக்காரம்மா: மூஞ்சி ஒரு மாதிரி போச்சு. அதான் குறைச்சேன்.

பூட்டுக்காரர்: நிஜமாப் போன்ல கேக்கும்போது மூஞ்சி எங்க தெரியும்?

பழக்காரம்மா: எதிர்லயே உட்கார்ந்திருக்கீங்க, தெரியாம?

பூட்டுக்காரர்: சரி, முதுகைக் காட்டி உட்கார்ந்துக்குறேன். இந்த நூலகத்துக் குழந்தைங்க நாற்காலியில திரும்புறதே ஒரு வேலையா இருக்கு… ஆங். இப்போ கேளுங்க. தொகையைச் சொல்லிட்டு…

பழக்காரம்மா: வாயை மூடணும். தெரியும்.

பூட்டுக்காரர்: கேட்டதுக்கப்புறம் மூச்சு விடலாம், பேச்சு விடக்கூடாது. அவங்களா பதில் சொல்ற வரைக்கும். டீச்சர் சொன்னது.

பழக்காரம்மா: பத்துக் கண்ணாடி.

பூட்டுக்காரர்: …

பழக்காரம்மா: …

பூட்டுக்காரர்: …

பழக்காரம்மா: முதுகும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆறு வெச்சுக்கலாமா?

பூட்டுக்காரர்: நன்கொடைக்கு விலை குறைக்கிற முதல் ஆளு நீங்கதாம்மா. இன்னும் கொஞ்சம் விட்டா, குடுக்குறவருக்கு நாலு ஆரஞ்சு கட்டிக் குடுத்துருவீங்க.

பழக்காரம்மா: முப்பது வருஷம் பழம் வித்த வாய். எதிராளி ரெண்டு நொடி பேசாம நின்னா, கால் அடுத்த கடைக்குத் திரும்புதுன்னு அர்த்தம். அப்போ வாயை மூடிட்டு நின்னா சரக்கு அழுகிப்போகும்.

பூட்டுக்காரர்: இங்க அழுகுறதுக்கு என்ன இருக்கு? கேட்கப்போறது மூக்குக் கண்ணாடிக்கு.

பழக்காரம்மா: எழுத்துக் கத்துக்குடுங்கன்னு வந்தேன். எட்டு மாசம் கழிச்சு, போய் நாலு பேருகிட்டக் கையேந்துன்னு சொல்லிட்டாங்க இந்த டீச்சர்.

பூட்டுக்காரர்: அதுலதானே பாடமே இருக்கு? கடைத்தெருவுல பலகை பலகையாப் படிச்சு யாருகிட்டக் கேக்கலாம்னு பட்டியல் எழுதினோம்ல, அது வாசிப்பாம். சலவைக்காரர் எழுதிட்டு வந்தது ஞாபகம் இருக்கா?

பழக்காரம்மா: இல்லாம? ‘இங்கே குப்பை கொட்டாதீர்’.

பூட்டுக்காரர்: பெரிய கடையா இருக்கும்போல, சுவர் முழுக்க எழுதியிருக்காங்க, அவங்ககிட்ட இருபது கண்ணாடி கேக்கலாம்னு எழுதியிருந்தாரு.

பழக்காரம்மா: சிரிக்காதீங்க. ஒரு எழுத்து விடாம எழுதியிருந்தாரேன்னு டீச்சர் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. நீங்க எழுதினதுல நாலு கடையைக் காணோம்.

பூட்டுக்காரர்: அந்த நாலு கடையிலயும் நான் போட்ட பூட்டு சரியில்ல. எந்த முகத்தோட போய்க் கேக்க?

பழக்காரம்மா: அப்படிச் சொல்லுங்க.

பூட்டுக்காரர்: பேச்சை மாத்தாதீங்கம்மா. மணி நாலே கால். அஞ்சு மணிக்கு டீச்சர் பட்டியலை வாங்கிடுவாங்க. அடுத்த வகுப்புக்கு இருபது பேரு வர்றாங்க, இதுவரைக்கும் பத்துக் கண்ணாடிதான் சேர்ந்திருக்கு. மிச்சம் பத்தும் உங்க பேருல நிக்குது.

பழக்காரம்மா: எனக்குத் தெரியாதா? எனக்குக் கண்ணாடி வர்ற வரைக்கும் புத்தகத்தை இவ்வளவு தூரத்துல பிடிச்சுக்கிட்டு, கை பத்தல, கை பத்தலன்னு சொல்லிட்டிருந்தேன். படிப்பு ஏறாத மண்டைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். கண்ணாடி போட்ட அன்னைக்குத்தான் ‘அ’வுக்கு ஒரு வால் இருக்குன்னே தெரிஞ்சது.

பூட்டுக்காரர்: இதை அப்படியே போன்ல சொல்லுங்களேன். கல்லும் கரையும்.

பழக்காரம்மா: கல்லு கரையும். என் சீட்டுல வந்த மரக்கடைக்காரர் கரைவாரா?

பூட்டுக்காரர்: சரி, இப்போ நான்தான் மரக்கடைக்காரர். பழகிப் பாப்போம். ம்… சொல்லும்மா, யாரு?

பழக்காரம்மா: அவரு அப்படியெல்லாம் பேச மாட்டாரு. யாரு என்னன்னு கேக்க மாட்டாரு. ‘சரக்கு என்ன’ன்னுதான் கேப்பாரு. அவரோட மாமனார் செத்த செய்தி சொல்லப் போனவருகிட்டயே அப்படித்தான் கேட்டாரு.

பூட்டுக்காரர்: அடேயப்பா. நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.

பழக்காரம்மா: கூடப் பிறந்த அண்ணனைத் தெரியாம இருக்குமா?

பூட்டுக்காரர்: ஓ, உங்க அண்ணனா அவரு?

பழக்காரம்மா: நடிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாத குடும்ப விவகாரம் இந்த ஊர்ல எது? பூட்டைத் திறக்கப் போற இடத்துலயெல்லாம் காதையும் திறந்து வெச்சுக்கிட்டுத்தானே போறீங்க.

பூட்டுக்காரர்: தொழில் அப்படி. ஒன்பது வருஷமாப் பேச்சு இல்லன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. மிச்சத்தை நீங்க சொன்னாத்தான் நான் அவரா நல்லா நடிக்க முடியும்.

பழக்காரம்மா: எல்லாம் ஒரு அலமாரியால வந்தது.

பூட்டுக்காரர்: என்ன அலமாரி?

பழக்காரம்மா: என் மக கல்யாணத்துக்கு அவரே மரம் பார்த்து, அவரே நின்னு செஞ்சு குடுத்த அலமாரி. ரெண்டு ஆள் உயரம். கண்ணு வைக்க முடியாது, அப்படி ஒரு பளபளப்பு. நான் பாட்டுக்கு… வாய் சும்மா இருந்திருக்கலாம்… எதிர்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டு, இது என்ன விலை போகும்னு கேட்டுட்டேன்.

பூட்டுக்காரர்: பரிசா வந்த அலமாரிக்கா விலை கேட்டீங்க?

பழக்காரம்மா: விக்கிறதுக்காகவா கேட்டேன்? பார்த்த பொருளுக்கெல்லாம் விலை கேக்குற குடும்பம் எங்க குடும்பம். எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போனப்போ எங்கப்பா மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டிப் பார்த்து விலை சொன்னவரு. அது எங்களுக்குப் பாராட்டு. ஆனா அந்தத் தச்சர் நேரா அண்ணன்கிட்டப் போய், உங்க தங்கச்சி உங்க சாமானை விலை பேசுறாங்கன்னு வெச்சுட்டாரு.

பூட்டுக்காரர்: வெச்சுட்டாரா வத்தி.

பழக்காரம்மா: ரெண்டாம் நாள் கடை ஆள் வந்து ஒரு தாளை நீட்டினாரு. பில்.

பூட்டுக்காரர்: என்னது?

பழக்காரம்மா: அலமாரிக்கு. அவரு கடை பில்லு. பெரிசா, கட்டம் போட்டு, விலை எழுதி.

பூட்டுக்காரர்: தங்கச்சிக்கே பில்லா? சரியான ஆளுதான். வேற என்ன எழுதியிருந்துச்சு?

பழக்காரம்மா: …பில்லுல வேற என்ன எழுதுவாங்க? விலைதான்.

பூட்டுக்காரர்: நீங்க என்ன பண்ணினீங்க? நேராப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பீங்க.

பழக்காரம்மா: போகல. முழுக்காசையும் எண்ணி அதே ஆள்கிட்டக் குடுத்தனுப்பிட்டேன். ஒரு வார்த்தை பேரம் பேசாம.

பூட்டுக்காரர்: கட்டுறதைக் கட்டிட்டீங்க. அப்புறம் அவருக்கு என்ன கோபம்?

பழக்காரம்மா: உங்களுக்குப் புரியாது. எங்க வீட்ல யாருகிட்டப் பேரம் பேச மாட்டோம் தெரியுமா? அந்நியன்கிட்ட. இனிமே முகத்துல முழிக்க மாட்டோம்னு முடிவு பண்ணின ஆளுகிட்ட. சொன்ன விலையைக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுவோம். அண்ணன் அண்ணின்னா ஒரு தீப்பெட்டிக்குக்கூட அரைமணி நேரம் பேசுவோம்.

பூட்டுக்காரர்: அப்போ, அந்தக் காசு போன போக்குல உறவும் போயிருச்சு.

பழக்காரம்மா: கடை ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. ஒன்பது வருஷம்.

பூட்டுக்காரர்: அவரு மேல இன்னும் கோபமா?

பழக்காரம்மா: …மணி என்ன ஆச்சு?

பூட்டுக்காரர்: நாலரை. நேரம் கேட்டு நழுவாதீங்க. இதைவிட நல்ல சாக்கு உங்களுக்கு இன்னொரு ஒன்பது வருஷத்துக்குக் கிடைக்காது. உங்களுக்காகவா கேக்கப்போறீங்க? பத்துப் பேரு கண்ணுக்காக. அவரு பேசினா அண்ணன். பேசலன்னா, அவரு ஒரு மரக்கடை, நீங்க ஒரு வகுப்பு. யாருக்கும் அவமானம் இல்ல.

பழக்காரம்மா: எனக்கு இந்தப் பேரு வேணாம். வேற சீட்டு எடுத்துக்குறேன். அந்த பிஸ்கட் டப்பாவைக் குடுங்க.

பூட்டுக்காரர்: எந்த டப்பா?

பழக்காரம்மா: அன்னைக்கு யாரு யாருக்குப் போன் பண்றதுன்னு சீட்டு எடுத்தோமே. நீங்கதானே பொறுப்பு. என்னைத்தான் முதல்ல எடுக்கச் சொன்னீங்க.

பூட்டுக்காரர்: அது… பூட்டியிருக்கு.

பழக்காரம்மா: திறங்க.

பூட்டுக்காரர்: சாவி இல்ல.

பழக்காரம்மா: ஊருக்கே பூட்டுத் திறக்குற ஆளு. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குச் சாவி இல்லன்னா?

பூட்டுக்காரர்: சொந்தப் பூட்டுன்னா எனக்குக் கை வராதும்மா.

பழக்காரம்மா: உங்க பையிலருந்து நீட்டிக்கிட்டு இருக்கே, இதுதானே? பூட்டெல்லாம் ஒண்ணும் காணோம். மூடிதான் கொஞ்சம் இறுக்கம்… ம். இந்தா. ஆறு சீட்டு மிச்சம் இருக்கே? மத்தவங்க எடுக்கலையா?

பூட்டுக்காரர்: அவங்களுக்கெல்லாம் அப்புறமா வேற சீட்டு… கண்ணாடியைக் கழட்டுங்கம்மா, கண்ணுக்கு ஓய்வு குடுங்க.

பழக்காரம்மா: ம… ரக்… மரக்கடை. சரி, இது எனக்கு வந்த பேருதான். அடுத்தது… மரக்கடை. இதுவும் மரக்கடை… இதுவும்… யோவ்.

பூட்டுக்காரர்: சொல்லுங்க.

பழக்காரம்மா: ஆறு சீட்டுலயும் எங்க அண்ணன்.

பூட்டுக்காரர்: ஏழு. நீங்க எடுத்ததையும் சேர்த்தா.

பழக்காரம்மா: என்ன துணிச்சல் உங்களுக்கு?

பூட்டுக்காரர்: துணிச்சலெல்லாம் இல்ல. நீங்க இவ்வளவு வேகமாப் படிப்பீங்கன்னு நினைக்கல. போன மாசம் ‘மரம்’னு படிக்கவே டீச்சரை மூணு தடவை பார்த்தீங்களே, அந்த தைரியம்தான்.

பழக்காரம்மா: டீச்சருக்குத் தெரியுமா இது?

பூட்டுக்காரர்: டீச்சர் நல்லவங்க. அவங்களை இதுல இழுக்காதீங்க.

பழக்காரம்மா: அப்போ ஏன் பண்ணினீங்க? ஊர் வம்புல உங்களுக்கு என்ன லாபம்?

பூட்டுக்காரர்: போன மாசம் அவரு கடைக் கேட்டுக்குப் பூட்டு மாத்தப் போனேன். திருகாணியை முடுக்கிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னாரு. நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், ‘நீயும் அந்த வகுப்புக்குப் போறியாமே… அவ எப்படிப் படிக்குறா?’ன்னாரு.

பழக்காரம்மா: நீங்க என்ன சொன்னீங்க?

பூட்டுக்காரர்: நல்லாப் படிக்குறாங்கன்னேன். ‘நான் கேட்டேன்னு சொல்லிடாத’ன்னாரு. இப்போ சொல்லிட்டேன். இனி அந்தப் பூட்டுக்கு என்னைக் கூப்பிட மாட்டாரு.

பழக்காரம்மா: …தாளை எடுங்க.

பூட்டுக்காரர்: எந்தத் தாள்?

பழக்காரம்மா: பேச வேண்டியதை எழுதி வெச்சிருக்கேனே, அது. நாலு முப்பத்தஞ்சு ஆச்சு. எழுந்திருக்குற மாதிரி இருந்தா அப்புறம் போங்க, இப்போ போயிடாதீங்க.

பூட்டுக்காரர்: எங்க போவேன்? ஒருத்தர் பேசணும், ஒருத்தர் குறிக்கணும், அதுதானே சட்டம். ஸ்பீக்கர்ல போடுங்க… அடிக்குது.

அண்ணன்: மரக்கடை.

பழக்காரம்மா: வணக்கம் ஐயா. நான் நூலகத்து மாடியில நடக்குற பெரியவங்க வகுப்புல இருந்து பேசுறேன்.

அண்ணன்: …

பழக்காரம்மா: ஐயா? ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?

அண்ணன்: சரக்கு என்ன?

பூட்டுக்காரர்: சொன்ன மாதிரியே கேக்குறாரு பாருங்க.

பழக்காரம்மா: சும்மா இருங்க.

அண்ணன்: யாரைச் சும்மா இருக்கச் சொல்ற?

பழக்காரம்மா: உங்களை இல்லைங்க ஐயா.

அண்ணன்: இந்த ‘ஐயா’ எதுக்கு?

பழக்காரம்மா: தாள்ல அப்படித்தான் எழுதியிருக்கு.

அண்ணன்: தாளைப் பார்த்தா படிக்குற?

பழக்காரம்மா: ஆமா.

அண்ணன்: யாரு எழுதினது?

பழக்காரம்மா: நான்தான்.

அண்ணன்: …சரி, படி. மெதுவாவே படி. கடையில இப்போ கூட்டம் இல்ல.

பழக்காரம்மா: ‘எங்கள் வகுப்பில்… புதிதாகச் சேரும் இருபது பேரில்… பலருக்கு எழுத்து தெரியாதது குறை இல்லை. கண் தெரியாததே குறை. அவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி… வாங்கித் தர விரும்புகிறோம். பாதி சேர்ந்து விட்டது. தாங்கள்… பத்துக் கண்ணாடிக்கு உதவ வேண்டும்.’

அண்ணன்: …

பழக்காரம்மா: …

அண்ணன்: …

பழக்காரம்மா: …

அண்ணன்: லைன் போயிடுச்சா?

பூட்டுக்காரர்: லைன் இருக்குங்க.

அண்ணன்: அப்போ அவ ஏன் பேச மாட்டேங்குறா?

பூட்டுக்காரர்: பாடம் அப்படிங்க. கேட்டுட்டு வாயை மூடணும்.

அண்ணன்: இவ வாயை மூடுறதுக்கு ஒரு பாடமா? அந்த டீச்சருக்கு நானே தனியாக் காசு குடுக்கலாம். அது யாரு, பூட்டுக்காரரா? உன்னை என்ன சொல்லி வெச்சேன் நான்?

பூட்டுக்காரர்: கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. என்னை அப்புறமாத் திட்டலாம்.

அண்ணன்: ஆறு.

பழக்காரம்மா: பத்து.

அண்ணன்: ஏழு.

பழக்காரம்மா: பத்து.

அண்ணன்: ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொன்னா அதுக்குப் பேரு பேரமா? இறங்கி வரணும். அப்பா உனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாரா?

பழக்காரம்மா: அப்பா சொல்லிக் குடுத்தது பழத்துக்கு. கண்ணுல இறங்கி வர முடியாதுண்ணே. ஏழு பேருக்குக் கண்ணாடி குடுத்துட்டு, மிச்சம் மூணு பேரைப் பக்கத்துல இருக்குறவங்களை எட்டிப் பார்த்துப் படிங்கன்னா சொல்ல?

அண்ணன்: …எட்டு. கடைசி விலை. இதுக்கு மேல ஒரு கண்ணாடிக் கம்பிகூடக் கிடையாது.

பழக்காரம்மா: எட்டு, கொசுறு ரெண்டு.

அண்ணன்: மரக்கடையில கொசுறு ஏது? மரத்தூள்தான் இருக்கு, வந்து அள்ளிக்கோ.

பழக்காரம்மா: …

அண்ணன்: மறுபடியும் வாயை மூடிட்டாளா?

பூட்டுக்காரர்: மூடிட்டாங்க.

அண்ணன்: பெரிய தொல்லையாப் போச்சு… சரி, எட்டும் ரெண்டும்.

பூட்டுக்காரர்: பத்துன்னு எழுதிக்கட்டுங்களா?

அண்ணன்: எட்டு, கொசுறு ரெண்டுன்னு எழுது. கேட்டதை அப்படியே குடுத்தேன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் என்கிட்ட முழு விலைக்கு மரம் வாங்குவான்?

பழக்காரம்மா: ரொம்ப நன்றிங்க ஐயா. ரசீது… நாளைக்கு நாங்களே எழுதி…

அண்ணன்: நில்லு. வெச்சுடாத. இவ்வளவு பேரம் பேசத் தெரிஞ்சவ, அன்னைக்கு ஏன் பேசல?

பழக்காரம்மா: என்னைக்கு?

அண்ணன்: என்னைக்குன்னா கேக்குற? அலமாரிக்கு விலை கேட்டியே, விலையைச் சொல்லி உன்னைச் சீண்டலாம்னுதான் அந்தத் தாளை அனுப்பினேன். நீ சண்டைக்கு வருவேன்னு அன்னைக்குக் கடையைக்கூட மூடாம உட்கார்ந்திருந்தேன். நீ என்னடான்னா முழுக்காசையும் மூஞ்சியில எறிஞ்ச. அதுவும், நான் கீழே எழுதினதைப் படிச்சுட்டும்.

பூட்டுக்காரர்: கீழேயா? விலைதான் எழுதியிருந்துச்சுன்னு இவங்க சொன்னாங்களே.

அண்ணன்: அவளையே கேளு. அவ வீட்டுக்காரர் படிச்சுக் காட்டாமலா இருந்திருப்பாரு?

பழக்காரம்மா: அவருகிட்ட நான் காட்டவே இல்லண்ணே. கூடப் பிறந்தவளுக்குப் பில் அனுப்பினான்னு தெரிஞ்சா, என் புருஷன் முன்னாடி உனக்குத்தான் தலைகுனிவுன்னு கல்லாப்பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டேன். எனக்கு அப்போ எண்ணு மட்டும்தானே தெரியும்? தொகையைப் பார்த்தேன், எண்ணி அனுப்பிட்டேன். கீழே வளைஞ்சு வளைஞ்சு ஓடினதை உன் கையெழுத்துன்னு நினைச்சேன். போன செவ்வாய்க்கிழமைதான் எடுத்து, விரலை வெச்சு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டினேன்… ‘தள்ளுபடி முழுத் தொகை. வாங்குபவர் என் தங்கை.’ ஆறு சொல்லுண்ணே. படிச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு.